தடுப்புக் குழு, மூன்றாம் இடம்

வெள்ளி விழா மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள்:
படகுக் கழகத்தின் வரலாறும் சாதனைகளும்,
இருநூறு சொல்லுக்குள், படத்தோடு.
படம் இல்லை.
சொல் கொஞ்சம் கூடிவிட்டது.

மார்ச் முப்பத்தொன்று எங்கள் பிறந்தநாள்.
விளையாட்டு நிதியில் மீந்த பணம்
விடிந்தால் காலாவதி.
சென்னையில் ஏதோ கிளப் கழித்துக்கட்டிய நால்வர் படகை
யாரோ அவசரமாகக் கையெழுத்திட்டு வாங்கினார்கள்.
லாரிக்கு வெளியே நீண்ட மூக்கில்
சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தது.
கன்னங்குறிச்சித் திருப்பத்தில்
இளநீர்க் கடைக் கீற்றைப் பெயர்த்தது
முதல் சாதனை.

பெயர் எழுத வந்தவர் லாரிகளுக்கு எழுதுகிறவர்.
முன்னால் ‘கோட்டை மாரி துணை’ என்றார்.
சரி என்றார்கள்.
டீ சொல்லிவிட்டு வருவதற்குள்
பின்னாலும் எழுதியிருந்தார்:
‘ஒலி எழுப்பவும்.’
அழிக்கத் தின்னர் வேண்டும்.
தின்னருக்கு அடுத்த மார்ச் வேண்டும்.

சேர்வராயன் மலையில் பெய்தால்தான்
மூக்கனேரியில் கழகம்.
பெய்யாத இரண்டு வருடம்
வெடித்த சேற்றில் படகை வைத்து,
ஆடுகள் பார்த்திருக்க, காற்றை வலித்தார்களாம்.
உள்ளங்கையும் வலித்ததாம்.
அதற்கும் இதற்கும் ஒரே சொல்தான்.

நீர் திரும்பியபோது ஏரிக்குள் மண்திட்டுகள்.
திட்டில் மரம், மரத்தில் நாரை.
இருநூறு மீட்டர் நேராகப் போக
எங்கும் வழியில்லை.

நான் வந்தது எடையால்.
நாற்பத்தொரு கிலோ,
உருளைக்கிழங்கை இறக்கிவிட்டுக் கேண்டீன் தராசில் நிறுத்தது.
மாதேஸ்வரி, ஷாஜிதா, எஸ்தர், பொன்னுருவி
நால்வரும் என்னைப் பார்த்து உட்கார்வார்கள்,
போகிற திசைக்கு முதுகைக் கொடுத்து.
எதிரே இருப்பது எனக்கு மட்டும் தெரியும்.
சொல்வதில்லை.
எண் மட்டும் சொல்வேன்.

ஐதராபாத்தில் முதல் வருடம்:
கண்ணாடி மாதிரி நீர், கோடு மாதிரி பாதை.
முந்நூறாவது மீட்டரில்
என் கை தானாக இடப்பக்கம் ஒடித்தது,
மூக்கனேரியின் மூன்றாவது திட்டைச் சுற்றிக்கொள்ள.
அங்கே திட்டு இல்லை.
கேரளத்துப் படகு இருந்தது.
தகுதி நீக்கம்.
எஸ்தர் ஏற்காட்டுக்குப் போய்
இரண்டு வாரம் போனை எடுக்கவில்லை.

இரண்டாம் வருடம் வெண்கலம்.
இதை மலரில் போடவேண்டாம்:
கடைசி ஐம்பது மீட்டரில் பக்கத்துப் பாதையில்
கோவைக்காரிகள் அரைப்படகு பின்னால்,
நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.
அவர்களுடைய சுக்கான்காரி
எங்கள் பின்பக்கத்தைப் படித்தாள்.
படித்துச் சிரித்தாள்.
சிரித்ததில் ஒரு எண் தப்பியது.
இரவுச் சாப்பாட்டில் தயிர்சோற்றைப் பிசைந்தபடி
அவளே சொன்னாள்.
வித்தியாசம் நொடியில் பத்தில் நான்கு.

செவ்வாய்ப்பேட்டையில் மாதேஸ்வரியின் அப்பா,
கொலுசுக்குப் பற்றவைக்கிறவர்,
பதக்கத்தை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்தார்.
“வெண்கலம் இல்ல சாமி. துத்தநாகம். மேல பூச்சு.”
கையைக் கழுவிவிட்டு
மாரியம்மன் படத்து ஆணியில் மாட்டினார்.

பல்கலை எங்களுக்குக் கேடயம் செய்தது.
பொறித்தவர் ஓர் உகரத்தை விட்டுவிட்டார்.
துடுப்புக் குழு, தடுப்புக் குழு ஆயிற்று.
எதைத் தடுத்தீர்கள் என்று
பதிவாளர் மேடையிலேயே கேட்டார்.

போன ஐப்பசியில் மாநகராட்சியிலிருந்து ஒரு கடிதம்:
‘தடுப்புக் குழுவினருக்கு’,
டெங்கு ஒழிப்புப் பணிக்கு ஆள் தேவை.
திருத்தி எழுதலாம் என்றாள் ஷாஜிதா.
போகலாம் என்றாள் பொன்னுருவி.

விடியற்காலை. மலையில் பனி இறங்கவில்லை.
என் கால்களுக்கு நடுவே நெகிழிப் பையில்
கொசுப்புழு தின்னும் ஐந்நூறு குஞ்சு மீன்கள்.
ஆகாயத்தாமரையை விலக்கி விலக்கி
ஒவ்வொரு திட்டாக ஒடித்தேன்.
இங்கே என் கை தவறவில்லை.
ஒண்ணு என்றேன், வலித்தார்கள்.
ரெண்டு என்றேன், கவிழ்த்தேன்.
மீன்கள் எந்தப் பக்கம் போயின என்று
நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.