ஆடாத ஆடு

பெட்டியைப் பிரித்தவன் ஷாயிர்பெக்.
நுரைப்பஞ்சுக்குள் ஒரு பச்சைக் குழல்,
எண்பது மில்லிமீட்டர் கண்ணாடி,
முக்காலி தனியே, துணிப்பைக்குள்.
"பால்பவுடர் டப்பா மாதிரி இருக்கிறது" என்றான்.
விலைச்சீட்டில் கண்ட தொகைக்கு
நாரின் சந்தையில் இரண்டு குதிரை வாங்கலாம்,
ஒன்று கொஞ்சம் நொண்டும்.

மூவாயிரத்து நானூறு மீட்டர் உயரம்.
செப்டம்பரிலேயே விரல் விறைக்கிறது.
குனிந்து கண்ணை வைத்தால்
முதலில் என் இமைமுடி, கறுத்த காடாக.
பிறகு என் மூச்சின் ஆவி.
பிறகு கொஞ்சம் நீலம்,
எந்த ஊர் வானமோ.
பழைய பைனாகுலரில் மலை முழுதும் வரும்,
ஒன்றும் தெளியாது.
இதில் எல்லாம் தெளிகிறது,
மலைதான் காணாமல் போகிறது.

தேடித் தேடி,
இரண்டு கிலோமீட்டர் தள்ளி
ஒரு பெட்டையைப் பிடித்தேன்.
பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தாள்.
தாடை அரைப்பது தெரிகிறது,
புல்லின் நுனி வாயோரம் ஆடுவது தெரிகிறது.
சத்தம் மட்டும் இல்லை.
இவ்வளவு கிட்டே வந்து சத்தம் வராவிட்டால்
எனக்கே காது போய்விட்டதா என்று
விரலைச் சொடுக்கிப் பார்த்துக்கொண்டேன்.

காற்று முக்காலியை உலுக்கியது.
ஆடு ஆடியது, பாறை ஆடியது,
ஒரு பள்ளத்தாக்கே பல்லைக் கிட்டித்து நடுங்கியது.
ஷாயிர்பெக் பையில் கல் நிரப்பி
நடுக்கொக்கியில் மாட்டினான்.
உலகம் நின்றது.

"இனிக் கிழக்கு முகடு" என்றான்.
அங்கேதான் எங்கள் கிழவன் இருப்பான்.
ஆறு இலையுதிர்காலமாகப் பதிவேட்டில்:
முதிர்ந்த கிடா, ஒன்று. படுத்திருக்கிறது.
நான்கு முறை என் கையெழுத்து,
இரண்டு முறை அவனுடையது.
ஒரு வருடம் ஓரத்தில், கேட்காமலே,
"சுகமில்லை போலும்" என்று சேர்த்திருக்கிறான்.
பெருவனி கொட்டிய அக்டோபரில்
முதுகில் பனியோடு எழாமல் கிடந்தவனைக் கண்டுவிட்டு
அன்றிரவு நான் தூங்கவில்லை.

வளையத்தைத் திருகினேன்.
இருபது. நாற்பது. அறுபது.
கொம்பு, வெடிப்பு ஆயிற்று.
தாடி, பாசி ஆயிற்று. மஞ்சள் பாசி,
ஓரத்தில் துருவின் நிறம்.
கண்ணாக இருந்தது
ஏதோ கழுகின் எச்சம்.

"அய்ஜார்கின், என்ன?"
விலகி இடம் கொடுத்தேன்.
குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.
"சுகமில்லை என்று
நான் அன்றைக்கே எழுதினேனே" என்றான்.

சிரித்ததில் குதிரைகள் காதைத் திருப்பின.
சிரித்து முடிந்த இடத்தில்
எங்கள் இருவருக்கும் பேச ஒன்றுமில்லை.

படிவத்தில் மூன்று கட்டங்கள்தான்:
இறப்பு, இடப்பெயர்வு, வேட்டை.
கல்லாக இருந்தது என்பதற்குக் கட்டமில்லை.
கூட்டல் போடும் துர்சுனாய் அக்கா
போன வருடக் கணக்கோடு ஒப்பிட்டு
ஒன்று குறைகிறதே என்று போன் செய்வாள்.
கல்லை எப்படி வேட்டையாடுவது?
கல் எங்கே இடம்பெயரும்?
இன்னும் எத்தனை கல்லை ஆடென்று எண்ணினோமோ,
எத்தனை ஆட்டைக் கல்லென்று கடந்தோமோ.
பென்சிலை நாக்கில் நனைத்தேன்.
உறையாத எழுத்து அது ஒன்றுதான் இங்கே.
நனைத்த பென்சில் காய்ந்தது.
"நாளைக்கு எழுதலாம்" என்றான்,
உலர்தயிர் உருண்டை ஒன்றை என் கையில் வைத்து.

பச்சைக் குழலைப் பெட்டிக்குள் படுக்கவைத்தோம்,
கண்ணாடிக்கு மூடி, மூடிக்கு மேல் துணி,
நொண்டாத குதிரையின் மேல் பெட்டி.
வெயில் முகட்டில் மட்டும் மிச்சமிருந்தது.

சேணத்தில் ஏறியபின்
வெறுங்கண்ணால் திரும்பிப் பார்த்தேன்.

படுத்திருந்தான்.
காற்றுக்கு முதுகைக் கொடுத்து.