கால் மாத்திரை

ஜூரோங் தீவு, இரண்டாம் அலகு.
விடியற்காலை மூன்று பதினான்கு, ஏழாவது நொடி.
டர்பைன் தன் இரைச்சலைக் கீழே போட்டது.
தீவுக்கு வெளியே ஒரு விளக்கும் சிமிட்டவில்லை,
மற்ற நிலையங்கள் தோள் கொடுத்துவிட்டன.

எட்டு மணிக்குள் தாள் வந்தது:
பிரேக்கர் திறந்தது, 398 மில்லிநொடியில்.
திறக்கச் சொல்லி ரிலே ஆணையிட்டது, 412இல்.
ஆணைக்கு முன்னே பணிவு.
ஆவ் யோங் கண்ணாடியைக் கழற்றித்
துடைத்து மாட்டி மறுபடி படித்தார்.
பிறகு இரவு வேலையில் இருந்த ருஸ்லானைக் கூப்பிட்டார்.

"கையால் திறந்தாயா?"
"இல்லை."
"பொத்தானில் முழங்கை பட்டிருக்குமா?"
"இல்லை. கொதிகலன் அழுத்தத்தை
எழுதிக்கொண்டிருந்தேன்."
"எத்தனை மணிக்கு?"
ருஸ்லான் சுவரை நிமிர்ந்து பார்த்தான்.
பாட்டரி தீர்ந்த கடிகாரம்
பத்தேகாலில் நின்றிருந்தது, மாதக்கணக்காய்.
யாரும் சிரிக்கவில்லை.

நான் ரிலே அறைக்குப் போனேன்.
சுவிட்ச்யார்டுக்கு ஒரு கடிகாரப் பெட்டி,
ஜெனரேட்டருக்கு வேறொன்று.
இரண்டும் செயற்கைக்கோள் பேச்சைக் கேட்பவை,
இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.
ஜெனரேட்டர் பெட்டியின் முகத்தில்
பச்சையாய் இருக்கவேண்டிய விளக்கு
ஆரஞ்சாய் எரிந்தது.
பெட்டி பொய் சொல்லவில்லை. எழுதியே வைத்திருந்தது:
நேற்று மாலை 7.09 முதல்
வானம் கேட்கவில்லை.
கேட்காத நேரமெல்லாம்
தன் படிகத்தின் துடிப்பை எண்ணியே
ரிலேக்கு நேரம் சொல்லியிருக்கிறது,
கொஞ்சம் அவசரமாக.

சரிசெய்யுமுன் அளந்துவிடு,
சரிசெய்தபின் சாட்சி இருக்காது.
பதினொன்று ஒன்பதுக்கு அளந்தேன்.
பதினாறு மணி நேரத்தில்
நூற்று நாற்பத்துநான்கு மில்லிநொடி முந்தியிருந்தது.
அப்படியானால் எட்டு மணி நேரத்துக்கு எழுபத்திரண்டு.
நானூற்றுப் பன்னிரண்டில் கழி:
முந்நூற்று நாற்பது.
முதலில் ஆணை.
ஐம்பத்தெட்டு மில்லிநொடி கழித்துப் பணிவு.
உலகம் மறுபடி நேராய் நின்றது,
நான் கால்குலேட்டரை இன்னொருமுறை தட்டும் வரை.
அப்போதும் அதே எண்.

பெர்மிட், இடுப்புப்பட்டை, ஏணி.
கூரையில் ஆண்டெனா, கவிழ்த்த வெள்ளைக் கிண்ணம்.
அடியில் கனெக்டரைச் சுற்றிய டேப் வாய் பிளந்திருந்தது.
திருகித் திறந்தால் பச்சைக் களிம்பு,
நேற்றைய மழையில் மூன்று சொட்டு.
இருபதாயிரம் கிலோமீட்டர் இறங்கி வந்த நேரத்துக்கு
கடைசி அரை அங்குலத்தில் வழியில்லை.

உயர்நிலை மூன்றில் இலக்கணம் படித்தோம்.
கண் இமைக்கும் பொழுது ஒரு மாத்திரை.
மெய்க்கு அரை.
"வரும் வண்டி" என்று சொல்லும்போது
நடுவில் நிற்கும் மகரம்
குறுகிக் கால் மாத்திரை ஆகும்.
பரீட்சைக்கு எழுதினேன், நம்பவில்லை.
அதை யார் அளந்து பார்த்தார்கள் என்று
பின்வரிசையில் நாங்கள் சிரித்தோம்.
இன்று கூரையில் களிம்பைச் சுரண்டியபடி
கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.
எழுபத்திரண்டு மில்லிநொடி.
கிட்டத்தட்ட ஒரு குறுகிய மகரம்.
அதற்குள் ஒரு மனிதனைக்
குற்றவாளி ஆக்க இடம் இருந்திருக்கிறது.

புது கனெக்டர். நான்கு கோள்கள் கிடைத்தன. பச்சை.
ரிலே ஏன் ஆணையிட்டது என்பது
வேறு கேள்வி. இன்னும் விடையில்லை.

கேன்டீனில் ருஸ்லான்
குடிக்காத தே தாரிக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.
சொன்னேன்.
"எழுபத்திரண்டு," என்றான்.
"அதற்காகவா என் முழங்கையைக் கேட்டார்?"
பதில் என்னிடம் இல்லை.
"கம்பெனி பஸ் போய்விட்டது," என்றான் பிறகு.
அடுத்தது பன்னிரண்டரைக்கு.
வரும் வண்டி.
உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

என் வீட்டுக் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடும்,
மகனின் பள்ளிப் பேருந்துக்காக
நானே வைத்த பொய்.
அன்றிரவு அதைத் தொடவில்லை.

மறுநாள் கட்டுப்பாட்டறைச் சுவரில்
கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.
யார் பாட்டரி போட்டது என்று கேட்கவில்லை.
நாற்பது நொடி பிந்தியிருந்தது.