பெயர் என்ற கட்டம்

கையுறை கிடையாது எங்கள் ஆட்டத்தில்.
காஸ் துணி, அதன்மேல் ஒட்டுப்பட்டை, அவ்வளவுதான்.
சுற்றி முடித்ததும் நடுவர் வந்து
விரல்முட்டிகளை அமுக்கிப் பார்ப்பார்.
உள்ளே கண்ணாடித்தூள் இல்லையென்று
கட்டின் மீதே கையெழுத்துப் போடுவார்.

தலையால் இடிக்கலாம்.
முழங்கை ஆகும், முழங்கால் ஆகும்.
கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது,
கீழே கிடப்பவனைத் தொடக் கூடாது.
மயங்கி விழுந்தால்
இரண்டு நிமிடம் கேட்டு வாங்கலாம், ஒரே ஒருமுறை.
கடைசிச் சுற்றில் அதுவும் இல்லை.
அதற்குள் எழுப்பிவிட்டால் மீண்டும் ஆடலாம்.
எழுப்புவது என் வேலை.

மற்ற நாளில் பஞ்சர் ஒட்டுகிறேன்
மோல்மீனில், படகுத்துறைக்குப் போகும் வழியில்.
டியூபைத் தண்ணீரில் அமுக்கி
குமிழி எங்கே கிளம்புகிறதென்று
பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

அவன் என் மனைவியின் தம்பி.
உரிமச்சீட்டு எடுக்க நான்தான் கூடப் போனேன்.
ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள்.
ஒரு கண்ணைப் பொத்தி எழுத்து வாசிக்கச் சொன்னார்கள்.
எடை அறுபத்து மூன்று, ஜட்டியோடு.
பெயர் என்ற கட்டத்தில்
அடையாள அட்டையில் உள்ளபடி
மியோ தீஹா என்று எழுதினேன்.
பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் வைத்த பெயர்,
ஒலிபெருக்கியில் கூவ வசதி.
வீட்டுப் பெயருக்குக் கட்டம் இல்லை.
அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி:
எது நேர்ந்தாலும் எவர் மீதும் வழக்கில்லை.
நான் அதை அவனுக்கு வாசித்துக் காட்டவில்லை.
அவனும் கேட்கவில்லை.

மூன்றாம் சுற்று.
பா-அன் ஊர்ப் பையன், வாழைத்தண்டு போல் இருந்தான்,
அருகில் வந்து
நெற்றியை ஒருமுறை கொண்டுவந்து வைத்தான்.
இவன் மடங்கவில்லை, தள்ளாடவில்லை,
நின்றபடியே படுத்தான்.
மேளமும் குழலும் நிற்காமல் வாசித்தன.
நான் கை தூக்கினேன்.
கடிகாரம் ஓடியது.

பிடரியில் பனிக்கட்டி.
காலைத் தூக்கி உதறினேன்.
காதுமடலைக் கடித்தேன், உப்புக் கரித்தது.
டேய். டேய், எந்திரி.
ஐம்பது விநாடி.
கண் திறந்தது.
இடது கண்மணி சற்றே பெரிதோ?
விளக்கு வெளிச்சமாயிருக்கும்.
இல்லை, குமிழியா?

வைத்தியர் கயிற்றுக்குள் குனிந்து வந்தார்.
வெற்றிலைச் சிவப்பில் பல், சட்டைப்பையில் பேனா விளக்கு.
பர்மியில் கேட்டார்:
இது எந்த ஊர்?
மோல்மீன்.
எத்தனையாவது சுற்று?
மூன்று.
உன் பெயர்?

அவன் என்னைப் பார்த்தான்.
பிறகு நிதானமாக, ஓர் எழுத்தும் குழறாமல்,
மயில்வாகனம் என்றான்.

வைத்தியர் சீட்டைப் பார்த்தார்.
மறுபடி கேட்டார்.
மறுபடி அதே.

இன்னும் நாற்பது விநாடி மிச்சம்.
ஐயா, அது வீட்டில் கூப்பிடும் பெயர்,
பையன் தெளிவாகத்தான் இருக்கிறான்:
பர்மியில் இதைச் சொல்ல
ஒரு மூச்சுக்கூட ஆகாது.
என் வாயில் அவன் காதின் உப்பு இருந்தது.
வாளிக்குள் கையை விட்டு
தீர்ந்துபோன பனிக்கட்டியைத்
தேடிக்கொண்டே இருந்தேன்.

வைத்தியர் இரு கைகளையும் குறுக்கே வீசினார்.
காரணம் என்ற கட்டத்தில் எழுதினார்:
தன் பெயர் தெரியவில்லை.

தொண்ணூறு நாள் தடை.
ஜெயித்திருந்தால் வந்திருக்கும் பணத்தை
என் மனைவி விரல்விட்டு எண்ணினாள்,
ஸ்கூட்டர் தவணை வரை வந்து நிறுத்தினாள்.
அவன் என்னோடு பேச ஒரு வாரம் ஆயிற்று.
'சரியாத்தானே சொன்னேன் மாமா?'
ஆமாம் என்றேன்.
டயர் இரும்பைக் கீழே வைக்காமலே.

அடுத்த திங்களோடு தடை முடிகிறது.
விடியலில் கடைக்குப் பின்னால்
கயிறு தாண்டுகிறான்.
தரையில் கயிறு அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும்
முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது:
மியோ தீஹா, மியோ தீஹா,
மியோ தீஹா.