ஒப்புகைச் சீட்டு

தேர்தல் தேதி அறிவித்த மூன்றாம் நாள்
எஸ்டேட் துப்பாக்கியை இரண்டாய்க் கழற்றி
போர்வையில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டு
நாகலூரில் பஸ் ஏறினோம்,
வாட்ச்மேன் இருதயசாமியும் ரைட்டராகிய நானும்.
கண்டக்டர் கேட்டார்: குழந்தைக்கு என்ன, காய்ச்சலா?

ஏற்காடு ஸ்டேஷனில் ஏட்டு
நம்பரை இரண்டு தரம் வாசித்தார்.
இரட்டைக் குழல் ஒன்று. தோட்டா பதினொன்று.
பன்னிரண்டாவது எங்கே?
காட்டெருமையை விரட்ட ஒருதரம் வானத்தைச் சுட்டது,
என்றார் இருதயசாமி,
வானம் பத்திரமாக இருக்கிறது பாருங்கள் என்பதுபோல்
ஜன்னலைக் காட்டி.

ஒப்புகைச் சீட்டு என் பையில்.
களத்தில் நாற்பது மூட்டை மிளகு.
விலை ஏறியிருந்த வருஷம்.
கிலோ என்ன போகிறதென்று
கொட்டச்சேடு டீக்கடை வரை எல்லாருக்கும் மனப்பாடம்.
கீழே அயோத்தியாப்பட்டணத்தில்
வேன் வைத்திருப்பவர்களுக்கும்.

முதலாளி கோயம்புத்தூரில். போனில் சொன்னார்:
பார்த்துக்கோங்க.

பார்த்துக்கொண்டோம்.
இருதயசாமி ஒரு தண்ணீர்க் குழாயை அறுத்து
கரி பூசித் தோளில் சாத்தினார்.
எனக்கு டார்ச்சும் விசிலும்.
லைன் வீட்டுச் சனம் முறைவைத்துக் களத்தோரம் படுத்தது,
அவரவர் கவாத்துக் கத்தி அவரவர் தலைமாட்டில்.
சடைச்சி மட்டும் தூங்கவில்லை.
கத்தியைச் சாணைக்கல்லில் இழுத்தபடி
மகளின் பள்ளிக்கூட பீஸை
எத்தனை வாரக் கூலியில் அடைக்கலாம் என்று
என்னிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் ராத்திரி.
பனி களத்தில் இறங்கி மூட்டைகளை ஒவ்வொன்றாய் மறைத்தது.
விளக்கணைத்த வேன் ஒன்று, பிறகு செருப்புச் சத்தம்.
ஆறு பேரா, ஏழா.
இருதயசாமி எழுந்து குழாயை நீட்டினார்,
பட்டாளத்தில் பழகிய நிலையில், ஒரு கண் மூடி.
நில்லு, சுட்டுருவேன்.

பனிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு:
யோவ் பெருசு, எல்லாத் துப்பாக்கியும்
ஸ்டேஷன்ல தூங்குது. எலெக்ஷன்யா.

சட்டம் தெரிந்த திருடன்.
என் வாயில் விசில் இருந்தது, மூச்சு இல்லை.

அப்போதுதான் வெடித்தது.
மறுநாள் வரும் வேட்பாளருக்கென்று
கிளைச் செயலாளர் இறக்கிவைத்திருந்த பத்தாயிரம் வாலாவை
லைன் வீட்டுப் பொடியன் எவனோ
மொத்தமாகப் பற்றவைத்திருந்தான்.
மலை அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது.
புகையும் பனியும் ஒன்றாகி
யார் ஓடுகிறார் யார் துரத்துகிறார் தெரியவில்லை.
குழாய் எதிலோ மோதி நங்கென்றது.
ஒருவன் அம்மா என்றான்.
நம் ஆளா, அவர்கள் ஆளா,
அந்தச் சொல்லை வைத்துச் சொல்ல முடியவில்லை.

விடிந்தபோது மூன்று மூட்டை குறைவு.
இருதயசாமிக்கு விரலொன்று வீங்கியிருந்தது.
வேன் நின்ற இடத்தில் ஒற்றைச் செருப்பு, சின்ன அளவு.
அதிலிருந்து குப்பனூர் பாதை வரை
சரளைமேல் சொட்டுச் சொட்டாய்க் காய்ந்திருந்தது.
யாரும் எதுவும் பேசாமல்
காலால் மண் தள்ளினோம்.

வேட்பாளர் பதினொரு மணிக்கு வந்தார்.
வெடிச்சத்தமில்லாத வரவேற்பில் கொஞ்சம் குழம்பி
காப்பிச் செடிகளுக்கும் கும்பிடு போட்டார்.

ஓட்டு எண்ணி முடிந்த வாரம்
துப்பாக்கியை மீட்கப் போனோம்.
நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன், தோட்டா பதினொன்று,
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
ஏட்டு கேட்டார்:
நடுவில் அசம்பாவிதம் ஏதாவது?
இல்லை என்றேன்.
கத்திகளுக்கு அந்தப் பதிவேட்டில் பத்தி கிடையாது.

சடைச்சி அன்று காலையே
தன்னுடையதைத் தொட்டியில் முக்கி எடுத்து
பதினாலாம் பிளாக்குக்குக் கவாத்துக்குப் போய்விட்டாள்.
தண்ணீர் என்ன நிறமானதென்று
தொட்டியோரம் நின்ற நான் பார்த்தேன்.
அவள் கேட்ட கணக்கை
சாயங்காலம் போட்டுக் கொடுத்தேன்.
ஒன்பது வாரம்.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்,
ஒரு ரூபாய் பிசகவில்லை.