மெழுகுவர்த்தி ஜாடி

செக்காலை ரோட்டில் வாங்கினேன் அந்த ஜாடியை.
"கமர்கட்டுக்கா?" என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்.
கிருமிக்கு என்றால் கொடுத்திருக்க மாட்டார்.

ஆட்டு ரத்தம் வெந்து
சாக்லேட் நிறமாகிய தட்டுகளை அதில் அடுக்கி
மேலே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி மூடினால்
சுடர் கொஞ்சம் தவிக்கும், அணையும்.
மிச்சக் காற்றில்தான் இவை வளரும்.

அவ்வளவு நோஞ்சான்.
பஞ்சில் உலர்ந்தால் சாகும். குளிர்பெட்டியிலும் சாகும்.
தேவகோட்டை விடுதியில் இருந்து காரைக்குடிக்குத்
தட்டுகளைத் துப்பட்டாவில் சுற்றி
வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.
பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.
ஜன்னலுக்கு வெளியே பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள்.
உள்ளே யாராவது இருந்தாலும்
தெருவுக்குத் தெரியாது.
தொண்டையும் அப்படித்தான்.

இந்த நோஞ்சான்தான் ஜனவரியில்
அடைக்கலத்தை ஒரே பகலில் கொண்டுபோனது.
பாலிடெக்னிக் இரண்டாம் வருடம், அறை எண் பதினொன்று.
காலையில் காய்ச்சல், மெஸ்ஸுக்கு வரவில்லை.
மதியம், வெளிச்சம் குத்துது, ஜன்னலைச் சாத்து என்றான்.
நாலு மணிக்குக் காலில் புள்ளிகள்.
கொசுக்கடி என்று நினைத்தான் அறைத்தோழன்.
கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தியிருந்தால்
கொசுக்கடிச் சிவப்பு மறைந்திருக்கும்.
இது மறையாது.
இப்போது அதை எழுதி
விடுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

அவன் தாய் பொன்னழகி ஆய்வகத்துக்கு வந்தார்.
கல்யாண வீடுகளில் பலகாரம் சுடுகிறவர்,
சேலையெல்லாம் எண்ணெய் வாசம்.
"யாருகிட்டேருந்து வந்துச்சு?
பேரு மட்டும் சொல்லு. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."
பத்துப் பேரில் ஒருவர் தொண்டையில் இருக்கும்மா,
அவங்களை அது ஒண்ணும் செய்யாது.
ஒரே பாட்டிலில் குடிச்சா, பக்கத்துல உட்கார்ந்து சிரிச்சா...
"அப்ப, சிரிச்சவனா?" என்றார்.

இருநூற்றுப் பதினாலு தொண்டைகள்.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
"முதல்ல நீங்க வாயைத் திறங்க மேடம்" என்றார்கள் பையன்கள்.
திறந்தேன். எண் ஒன்று.

பதினெட்டுத் தட்டுகளில் வளர்ந்தது.
வடிதாளில் தேய்த்ததும் கருநீலம்.
லென்சுக்கு அடியில் இரண்டிரண்டாக,
பிளந்த காப்பிக்கொட்டை
மறுபாதியோடு முகம் வைத்துப் படுத்திருப்பதுபோல்.
அடைக்கலத்திடம் இருந்தது டபிள்யூ வகை.
பதினெட்டில் ஒன்று மட்டும் டபிள்யூ.

எண் ஒன்று.

டிசம்பரில் ரத்த வகை முகாமுக்கு
அந்த விடுதிக்குப் போயிருந்தேன்.
அவன் விரலை நான் குத்தினேனா, நினைவில்லை.
அன்று நிறைய பேசினேன், நிறைய சிரித்தேன்.
சென்னையிலிருந்து கடிதம் வந்தது:
இரண்டும் நெருங்கிய உறவு,
யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்ல இயலாது.

ஒரே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன்.
அடுத்த வாரம் என் தட்டு வெறுமை.

அது சர்க்கரைச் சட்டை போட்டு வரும்.
பச்சைக்குழந்தையின் உடம்புக்கோ
சர்க்கரையை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாது.
அதனால் தடுப்பூசியில் அதோடு ஒரு புரதத்தைக் கோத்து அனுப்புகிறார்கள்,
ரேஷன் கார்டில் போட்டோ ஒட்டுவதுபோல.
பி வகை மட்டும்
நம் நரம்பின் சாயலிலேயே உடுத்தி வரும்.
அதற்கு வேறு ஊசி, வேறு ஆட்கள், வேறு இருபது வருஷம்.
ஊசி போட்ட தொண்டையில்
அது தங்குவதும் குறையுமா?
அதைத்தான் ஆறு மாதம் கழித்து
மறுபடி பஞ்சுக்குச்சியோடு போய்ப் பார்க்க வேண்டும்.

முகாம் அன்று பொன்னழகி
இளைய மகள் செல்லக்கண்ணுவைக் கூட்டிவந்தார்.
"கண்டுபிடிச்சீங்களா?"
மாஸ்க்குக்குள் என் வாய் திறந்தது.
எண்ணாத்தான்மா இருக்கு, பேரா இல்லை.

அவர் தலையசைத்தார். நம்பினாரா, தெரியாது.
மகளின் சட்டைக் கையை அவரே சுருட்டிவிட்டார்,
ஊசி ஏறி இறங்கும்வரை தோளைப் பிடித்திருந்தார்.

பஞ்சை அழுத்தியபடி அந்தப் பெண்
வரிசையில் இருந்த யாரையோ பார்த்துச்
சத்தமாகச் சிரித்தாள்.
பொன்னழகி சட்டென்று திரும்பிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.