பதினைந்து நாளுக்கு ஒரு டம்ளர்

வைகாசியில் வாங்கினேன், காரைக்குடியில்,
ஜபருல்லா நர்சரியில், நூற்றியிருபது ரூபாய்.
"சாகாதும்மா," என்றார்.
"மறந்துட்டாலும் சாகாது.
மறக்காம ஊத்துனாத்தான் சாகும்."
பெயர் கேட்டேன்.
பில் எழுதுகிற பையன் தலை குனிந்து சிரித்தான்.
"மாமியார் நாக்கு."

கண்டனூர் பஸ்ஸில் என் மடியில்
விறைப்பாக நின்று வந்தது,
கண்டக்டர் கண்ணைக் குத்தப் பார்த்தபடி.
வீட்டில் மருள் வகை என்று மட்டும் சொன்னேன்.
பெயரைச் சொல்லியிருக்கலாம் அன்றைக்கே.
அத்தை சிரித்திருப்பார்,
அல்லது நாலு நாள் முகம் கொடுத்திருக்க மாட்டார்.
இரண்டும் எனக்குப் பழக்கம்தான்.

ஆடியில் ஒரு விடியற்காலை
அவருடைய வலப்பக்கம் மொத்தமாகப் படுத்துவிட்டது.
கால் கொஞ்சம் திரும்பி வந்தது. கை கொஞ்சம்.
ரசத்தில் புளி தூக்கல், மாவில் உப்பு மட்டு,
யாருக்காக இத்தனை லைட்டு எரியுது என்று
பதினெட்டு வருடம்
என் பின்னாலேயே நடந்த நாக்கு
வரவில்லை.

வளவில் எங்கள் பங்குக்கு இரண்டு அறை. ஜன்னல் கிடையாது.
முற்றத்து வெயில் பதினொன்றரைக்கு நிலைப்படி ஏறும்,
பன்னிரண்டேகாலுக்கு இறங்கிவிடும்.
அது போதும் செடிக்கு.
கட்டிலுக்கும் அது எட்டும்படி
இரண்டையும் ஒரே சுவரோரம் போட்டேன்.

இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.
கஞ்சியை வடிகட்ட, மாத்திரையைப் பொடிக்க,
முதுகில் பவுடர் போட வேண்டும், நடுவில் போன் அடித்தால்
சிவகங்கையிலிருந்து அவர் மகனுக்கு
"அப்படியேதான் இருக்காங்க" சொல்ல வேண்டும்.
செடிக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு டம்ளர்.
அதுவும் விரலை மண்ணில் விட்டு
இரண்டாம் கணு வரை காய்ந்திருந்தால்.
போர்த் தண்ணீர் உப்பு, ஆகையால்
ஐப்பசியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர்.
தூசி படிந்தால் இலையை ஈரத்துணியால் ஒரு இழுப்பு.
அத்தைக்கு வேறு துணி.

மாசியில், மூன்று நாள் தூங்காத ஒரு மதியம்,
ஏனென்று தெரியாமல் இரண்டு செம்பு ஊற்றினேன்.
வாரம் கழித்து ஒரு இலை அடி கொழகொழத்து
நாற்றத்தோடு சாய்ந்தது.
பிளேடால் அறுத்து எடுத்தேன்.
அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் திரும்பவில்லை அந்தப் பக்கம்.

ரெஜினா டீச்சர் தேவகோட்டையிலிருந்து வருவார்,
செவ்வாயும் வெள்ளியும், பேச்சுப் பயிற்சிக்கு.
அட்டைப் படங்கள்: மாடு. வாழை. வாளி.
"சொல்லுங்கம்மா. மா."
அத்தை சுவரைப் பார்ப்பார்.
சில நாள் அடுப்படியிலிருந்து
நானே கத்திவிடலாமா என்றிருக்கும், மா.

பங்குனியில் பிளாஸ்டிக் தொட்டி இடுப்பில் பிளந்தது.
உள்ளே வேர், விரல் பருமனில்,
இடம் கேட்டுக் கேட்டு முட்டியிருக்கிறது.
நான் கவனிக்கவில்லை.
ஊற்றிய டம்ளர் விரிசல் வழியே கசிந்து
ஆத்தங்குடிக் கல்லில், பச்சைப் பூவுக்கு நடுவில்,
செம்மண் பிறையாகக் காய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை. டீச்சர் வாளியைத் தூக்கிப் பிடித்திருந்தார்.
அத்தை அதைத் தாண்டித் தரையைப் பார்த்தார்.
உதடு கோணியது. இடது கை எழுந்தது.
தொண்டைக்குள் அம்மிக்கல்லை நகர்த்துகிற சத்தம்.
பிறகு,

"கறை."

வாளி டீச்சர் மடியில் விழுந்தது.
"என்னம்மா சொன்னீங்க?"
"க... றை."
மாவும் வராத வாயில்
றகரம் மட்டும் அப்படியே,
எனக்குத் தெரிந்த அதே வல்லினம்.

குனிந்து பார்த்தேன். பிறையை மிதித்துக்கொண்டு நின்றேன்.
"எங்கேத்தை? எனக்குத் தெரியலையே."
"கறை," என்றார்,
இந்தத் தடவை தரையைப் பார்க்காமல்
என்னைப் பார்த்து.

மண்தொட்டி வாங்கி மாற்றிவிட்டேன்.
கல்லில் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போய்விடும்,
அரை நிமிட வேலை.
செவ்வாய் வரை இருக்கட்டும்.