மைனஸ் முப்பத்தெட்டு

ஏணியின் கடைசிப் படி.
கழற்றிய கையுறை பல்லிடுக்கில்.
திரையில் மைனஸ் முப்பத்தெட்டு.
குளிர் இல்லை, சிக்னல்.
குளிர் இருபத்தாறுதான்; அதுவும் மைனஸ்.
சஸ்காச்சுவானில் ஜனவரி.

கீழிருந்து ஓரெஸ்ட் கத்துகிறார்: "வரலையா?"
வருகிறது. அதுதான் தொல்லை.
இருநூறு அடி தள்ளி
அண்ணன் மெத்தோடியின் கோதுமைக் களஞ்சியம்,
அதன் தலையில் எங்கள் ஆன்டெனா.
காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால்
எந்தக் காதுக்கு என்ன விளங்கும்?
பாதி பாக்கெட் உடைந்து விழுகிறது.

அங்கே சக்தியைக் குறைக்க முடியாது.
அதை நம்பி இன்னும் இருபத்திரண்டு வீடு,
கடைசி வீடு பதினோரு கிலோமீட்டர்.

நட்டைத் தளர்த்தி
டிஷ்ஷைத் திருப்புகிறேன்.
களஞ்சியத்தை விட்டு, வேலியை விட்டு,
குளத்துப் பனியில் மாட்டிய டிராக்டர் பக்கம்.
நாற்பத்தைந்து.
ஐம்பத்தொன்று.
விரல் மரத்துப்போகிறது.
ஐம்பத்தெட்டில் நிறுத்தி இறுக்கினேன்.

ஓரெஸ்ட் அண்ணாந்து பார்த்தார்.
"அவன் பக்கமே திரும்பலை!"
ஒன்பது வருடம் அண்ணனோடு பேசாத வாயில்
அப்படியொரு சிரிப்பு.
திரும்பாவிட்டாலும் அங்கிருந்துதான் வருகிறது என்று
நான் சொல்லவில்லை.
ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

வேலி முக்கில் மெத்தோடி
வேனை மறித்தார்.
கண்ணாடியை இறக்கினேன்.

"கிடைக்குதா அவனுக்கு?"
"கிடைக்குது."
"எவ்வளவு?"
"ஐம்பத்தெட்டு."

எண் விளங்கியவர்போலத் தலையாட்டிவிட்டு
பனி வாரும் மண்வெட்டியோடு
திரும்பி நடந்தார்,
தன் வாசல் ஏற்கெனவே சுத்தமாக இருந்தும்.